பயம் இருக்கட்டும், வகுப்பை மட்டும் விடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் ஏழெட்டுப் பேர் இப்போது யோகா ஆசிரியர் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். சிலர் பல்கலைக்கழகத்தில் பட்டயம் வாங்கியிருக்கிறீர்கள். சிலர் இருநூறு மணி நேரப் பயிற்சி முடித்திருக்கிறீர்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது மனம் நிறைந்தது. ஆனால் உங்களில் இன்றைக்கு வகுப்பு நடத்துகிறவர்கள் மூன்றே பேர். மற்றவர்களிடம் கேட்டால் வருகிற பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். "இன்னும் கொஞ்சம் நல்லாப் பழகிட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் டீச்சர்."

இந்த "இன்னும் கொஞ்சம்" ஒருவருக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னொருவர் நாலு மாதம் நடத்திவிட்டு, "எனக்கு இது சரிப்பட்டு வராது டீச்சர்" என்று நிறுத்திவிட்டார். தனித்தனியாகப் பேசினேன். எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்ததும், எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

உயிரியல் டீச்சர் யோகாவைப் பற்றி எதற்குப் பேசுகிறார் என்று கல்யாணமாகி நம் குடும்பத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உறவுகள் கேட்கலாம். 34 வருடம் அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்தினேன். 2016 மே மாதம் ஓய்வு பெற்றேன். பிறகு அஞ்சல் வழியில் யோகா பட்டயம் படித்தேன். 2018லிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் காலை ஐந்தரை மணிக்குப் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வருகிற சந்தேகம் ஒன்று அல்ல, இரண்டு. ஒன்று, "நான் செய்வதால் இவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ?" என்பது. மற்றது, "என்னை இவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்பது. முதல் சந்தேகம் மாணவரைப் பற்றியது. இரண்டாவது உங்கள் மானத்தைப் பற்றியது. இரண்டும் ஒரே மாதிரிதான் வயிற்றைக் கலக்கும். அதனால் நாம் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று பெயர் வைத்துவிடுகிறோம். மூட்டையைப் பிரித்துப் பார்த்தால்தான் வழி தெரியும். முதல் சந்தேகத்தைக் கடைசி வரை விடக்கூடாது. அது இருந்தால்தான் நீங்கள் நல்ல ஆசிரியர். இரண்டாவது, வகுப்பு எடுக்க எடுக்கத்தான் தேயும். வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தால் அது தேயாது, வளரும்.

முதல் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மருந்து படிப்பும் விசாரிப்பும்தான்.

என் வகுப்பில் சேர வருகிறவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பேன். எழுதத் தெரியாதவர்களிடம் நானே கேட்டு எழுதிக்கொள்வேன். ரத்த அழுத்தம் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சர்க்கரை உண்டா, மாத்திரையா, இன்சுலினா? கண் அழுத்த நோய் உண்டா? குடலிறக்கம் உண்டா? கடைசியாக எப்போது வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது? எலும்புத் தேய்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரா? கர்ப்பமாக இருக்கிறீர்களா? இவ்வளவுதான் கேள்வி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் காரணம் இருக்கிறது. தலை கீழே போகும் ஆசனங்களில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடும். கண் அழுத்த நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. குடலிறக்கம் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் கபாலபாதி கூடாது. எலும்பு தேய்ந்தவரை முதுகை வளைத்து முன்னால் குனியச் சொல்லி அமுக்கினால் முதுகெலும்பு நொறுங்கவும் வாய்ப்புண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா நின்றபடியே கை நடுங்கத் தொடங்கினார். நெற்றி முழுக்க வியர்வை. பக்கத்தில் இருந்தவர்கள், "முதல் வாரம்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அவர் கொடுத்த தாள் எனக்கு நினைவில் இருந்தது. காலை, மாலை இன்சுலின் போடுகிறவர். வெறும் வயிற்றில் வந்திருந்தார். உட்கார வைத்து, மூன்று நான்கு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். சர்க்கரை டப்பா எங்கள் கூடத்து அலமாரியில் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அதை அங்கே வைத்தது என் தைரியம் அல்ல, என் பயம். "யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்?" என்று ராத்திரி தூங்காமல் புரண்டேனே, அந்தப் பயம்தான் கடைக்குப் போய் டப்பா வாங்கியது.

அதனால் "பயப்படாதே" என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். எதற்குப் பயப்படுகிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாணவருக்கு என்ன ஆகும் என்பது பற்றிய வரிகளுக்கு எதிரே, அதற்கு என்ன படிக்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், என்ன வாங்கி வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பகுதி ஒரு மாதத்தில் முடிகிற வேலை. முடிந்த பிறகும் அந்தச் சந்தேகம் அவ்வப்போது வரும். வரட்டும்.

இனி இரண்டாவது. உங்களில் பலரைக் கட்டிப்போட்டிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். "எனக்கே இன்னும் பத்மாசனம் முழுசா வரல, நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" "வயசுல பெரியவங்க வருவாங்களே டீச்சர்." "நான் குண்டா இருக்கேன், யோகா டீச்சர்னா யாராவது நம்புவாங்களா?" "இன்ஸ்டாகிராம்ல எல்லாரும் என்னமா வளையிறாங்க!"

பத்மாசனத்திலிருந்து தொடங்குவோம். பத்தாம் வகுப்பில் நான் நடத்திய எலும்பு மண்டலப் பாடம் நினைவிருக்கிறதா? இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் மூட்டு பெரும்பாலும் கீல் மூட்டு, கதவு மாதிரி மடங்கி நிமிரும். பத்மாசனத்துக்கு வேண்டிய சுழற்சி இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்புக் கிண்ணத்தின் ஆழமும் அது பார்க்கும் திசையும், தொடை எலும்புக் கழுத்தின் கோணமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எலும்பே எலும்பில் போய் முட்டிவிடும். அதற்கு மேல் எத்தனை வருடம் பழகினாலும் நகராது. வலிந்து இழுத்தால் சுமை முழங்காலுக்குப் போகும், அங்கே சவ்வு கிழியும். ஆக, உங்களுக்குப் பத்மாசனம் வராததற்கு உங்கள் சோம்பல்தான் காரணம் என்று இல்லை. உங்கள் எலும்பு அமைப்பாகவும் இருக்கலாம். அப்படி இருக்க, அதை வைத்து உங்கள் தகுதியை எப்படி அளப்பீர்கள்?

இதற்கு மேல் ஒன்று சொல்கிறேன். வராதவருக்குத்தான் வராதவரின் கஷ்டம் தெரியும். சின்ன வயதிலிருந்து உடம்பு வளைகிறவர், "இப்படி மடக்குங்க, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வராதவர் நாற்காலியைத் தேடுவார், போர்வையை மடித்துக் கொடுப்பார், சுவரோரமாக நிற்க வைப்பார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தரையில் சம்மணம் போட முடியாதவர்கள். அவர்களுக்கு வேண்டியது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வகுப்பு தொடங்கிய வருடத்தில் ஒரு நாள், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள், "மேடம், சக்ராசனம் நீங்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்." கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. எனக்கு அப்போது அறுபது. தோள்பட்டை இறுகிப்போய் ஒரு வருடம் வைத்தியம் பார்த்தவள். காது சூடாவதை உணர்ந்தேன். "எனக்கு வராதும்மா. ஆனா உனக்கு வர வைக்க என்னால முடியும். படு, பார்க்கலாம்" என்றேன். கால் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எப்போது மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்றாவது முயற்சியில் எழுந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள், அவளுக்காக. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போதுதான் ஒன்று புரிந்தது. வகுப்பில் யாரும் என்னைப் பார்க்க வரவில்லை. தங்கள் இடுப்பு வலியையும் தூக்கத்தையும் பார்க்க வந்திருக்கிறார்கள். என்னையே நான் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும்தான் காது சூடாகிறது. அந்தப் பெண்ணின் உள்ளங்கையைப் பார்க்கத் தொடங்கியதும் என் காது எனக்கு மறந்துபோனது.

செய்து காட்டுவது வேறு, சொல்லிக் கொடுப்பது வேறு. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். யோகாவின் வரலாற்றிலேயே இந்த வித்தியாசம் தெரிகிறது. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஆசனப் பயிற்சியில் பெரும்பகுதிக்கு வேர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் பிறந்தவர். மைசூர் மகாராஜா ஆதரவில் 1930களில் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சீடர்களை வைத்துப் பெரிய பெரிய செய்முறைக் காட்சிகள் நடத்தியவர். 1950இல் அந்த யோகசாலை மூடப்பட்டது. அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. பிறகு சென்னைக்கு வந்தார். சென்னையில் அவர் கற்பித்த முறை வேறு மாதிரி ஆனது. எதிரே இருக்கும் ஒருவரின் வயது, உடல்நிலை, தொழில், இவற்றைப் பார்த்து அவருக்கென்று தனியாகப் பயிற்சி அமைத்துக் கொடுத்தார். அவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். அப்பாவிடம் கற்று அந்த வழியைத் தொடர்ந்தார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். அறுபது வயதுக்கு மேல் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கியவருக்குத் தோல்வி பயம் இருந்ததா என்று நான் எழுத முடியாது. ஆனால் தொடங்கினார். நூறு வயது வரை வாழ்ந்தார்.

அவரிடம் கற்ற பி.கே.எஸ். ஐயங்காரை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு அக்காள் கணவர். 1918இல் பிறந்த ஐயங்கார் சிறுவயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக நோய்களோடு போராடியவர். 1937இல், பதினெட்டு வயதில், யோகா சொல்லிக் கொடுக்கப் புனேவுக்கு அனுப்பப்பட்டார். ஏன் அவர்? கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது, அதுதான் முக்கியக் காரணம். போன ஊரின் மராத்தி தெரியாது. பயிற்சியும் சில வருடம்தான். எதிரே நின்ற மாணவர்களோ இவரைவிட வயதிலும் உடல் பலத்திலும் கூடியவர்கள். இந்த நிலைமையில் "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வாரேன்" என்று அவர் ஊருக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அங்கேயே இருந்து, சொல்லிக் கொடுத்துக்கொண்டே, சொல்லிக் கொடுப்பதற்காகவே பல மணி நேரம் பழகினார். அவர் எழுதிய ஆசனப் புத்தகம் 1966இல் வெளிவந்தது. இன்றைக்கு வயதானவர்களுக்கு நாம் கொடுக்கும் கட்டை, பட்டை, நாற்காலி, போர்வை எல்லாவற்றையும் முறையாகப் பயன்படுத்திக் காட்டியவர் அவர்தான். நோஞ்சானாக இருந்தவருக்குத்தான் அந்தத் தேவை கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றும்.

"அவங்கல்லாம் பெரியவங்க டீச்சர்" என்பீர்கள். சரி, நம் மட்டத்துக்கே வருவோம். முதல் நாள் வகுப்பில் கை கால் நடுங்குகிறது, என்ன செய்வது?

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், முதல் பாதத்திலேயே, சாதகருக்கு வரும் ஒன்பது தடைகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நோய், மந்தம், அதற்கு அடுத்த மூன்றாவது இடத்தில் சந்தேகம். இந்தத் தடைகளோடு கூடவே வருபவை என்று அடுத்த சூத்திரம் சொல்லும் நான்கில், உடல் நடுக்கமும் சீர்கெட்ட மூச்சும் உண்டு. பயிற்சிக் காலத்தில் தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வகுப்பு நடத்தத் தொடங்கிய பிறகு படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. என் முதல் வாரத்தை யாரோ பக்கத்தில் நின்று பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. அதற்கு அடுத்த சூத்திரத்தில் மாற்றும் இருக்கிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பழகு என்பதுதான் அதன் சாரம்.

உயிரியலும் இதற்குத் துணை நிற்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது கொஞ்சம் குறையும். அலைநரம்பு செய்கிற வேலை அது. ஆகவே உள்மூச்சைவிட வெளிமூச்சை நீளமாக்கினால் படபடப்பு தணியும். வகுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்காருங்கள். நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற மருந்தை முதலில் நாம் ஒரு வேளை சாப்பிடுவோமே! நடுக்கம் முழுதாகப் போகாது. குரல் வெளியே வருகிற அளவுக்குக் குறையும், அது போதும்.

இன்னும் சில நடைமுறை விஷயங்கள்.

வகுப்பை நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். நான் பள்ளியில் கடைசி வருடம் வரை பாடக்குறிப்பு எழுதியவள், இன்றும் எழுதுகிறேன். மூச்சுக்கு ஐந்து நிமிடம், மூட்டுகளைத் தளர்த்தப் பத்து நிமிடம், ஆசனங்களுக்கு முப்பது நிமிடம், பிராணாயாமத்துக்கு ஐந்து நிமிடம், சவாசனத்துக்குப் பத்து நிமிடம். நோட்டைப் பார்த்து நடத்தினால் மரியாதை போய்விடாது.

ஒரு மாதம் முழுக்க ஒரே வரிசையை நடத்துங்கள். தினமும் புதிதாக ஏதாவது காட்டாவிட்டால் சலித்துப்போவார்கள் என்பது உங்கள் பயம். புதிதாக வருகிறவர்களுக்கு மூன்றாம் வாரத்தில்தான் வலது எது, இடது எது என்ற குழப்பமே தீர்கிறது. எதிரே நிற்கும்போது நீங்கள் "வலது கை" என்று சொல்லி இடது கையைத் தூக்க வேண்டும், கண்ணாடியில் தெரிவது மாதிரி. இதை வீட்டில் யாரையாவது நிற்க வைத்துப் பழகுங்கள்.

"தெரியாது" என்று சொல்லப் பழகுங்கள். "தைராய்டுக்கு எந்த ஆசனம் டீச்சர்?" என்று வாரம் ஒருவர் கேட்பார். "தைராய்டுக்கு மாத்திரைதான். அதை விடாதீங்க. இந்தப் பயிற்சி உடம்புக்கும் தூக்கத்துக்கும் நல்லது, அதுக்கு மேல டாக்டரைக் கேளுங்க" என்பேன். இப்படிச் சொன்னதற்காக இதுவரை யாரும் வகுப்பை விட்டுப் போனதில்லை.

கட்டணம் வாங்கத் தயங்காதீர்கள். எனக்குப் பென்ஷன் வருகிறது, நான் கூடத்துக்கு வாடகை மட்டும் வாங்கிக்கொள்வேன். உங்களுக்கு அப்படி இல்லை. இலவசமாக நடத்தினால் குறை சொல்ல மாட்டார்கள் என்ற எண்ணத்தில் சிலர் கட்டணம் கேட்பதில்லை. அதுவும் அந்த இரண்டாவது பயத்தின் வேலைதான்.

அடுத்து, தோல்வி. நாலு மாதத்தில் நிறுத்திய தம்பி சொன்ன காரணம், "இருபது பேர் வந்தாங்க டீச்சர், அஞ்சு பேராயிட்டாங்க. என் கிளாஸ் பிடிக்கலன்னுதான அர்த்தம்?"

இல்லை தம்பி. எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் மாதம் குறையும், பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. மே மாதம் குறையும், பேரன் பேத்திகள் வந்திருப்பார்கள். ஆடியில் கோயில் கொடை. புரட்டாசியில் எங்கள் ஊர்த் தசரா. மார்கழியில் விடியற்காலை கோலமும் கோயிலும். இரண்டு நாள் மழை பெய்தால் யாருமே வர மாட்டார்கள். ஒருவருக்கு மாமியார் ஆஸ்பத்திரியில் இருப்பார், ஒருவருக்கு மகளின் பிரசவம். ஒரு வருடம் இருபத்திரண்டு பேரில் தொடங்கி ஏழு பேரில் நின்றது. அடுத்த வருடம் பத்தொன்பது. சர்வதேச யோகா தினம் என்று ஐ.நா. சபை 2014 டிசம்பரில் அறிவித்தது, 2015 முதல் ஜூன் 21 அன்று கொண்டாடுகிறோம். அன்றைக்கு மைதானம் கொள்ளாத கூட்டம் இருக்கும். மறுநாள் காலை எங்கள் கூடத்தில் அதே பழைய முகங்கள்தான். வருகிறவர்களின் வீட்டில் நடப்பதற்கெல்லாம் நீங்கள் உங்கள் திறமையின் மீது பழி போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த ஐந்து பேருக்கு நடத்தியிருக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் ஒவ்வொருவரையும் நன்றாகக் கவனிக்கலாம்.

உண்மையிலேயே வகுப்பு பிடிக்காமல் போகிறவர்களும் உண்டு. வேகம் போதவில்லை என்று என் வகுப்பிலிருந்து இரண்டு பெண்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனார்கள். வழியில் பார்த்தால் இன்றும் பேசிக்கொள்வோம். எல்லோருக்கும் பிடிக்கிற ஆசிரியரை நான் 34 வருடப் பள்ளி வாழ்க்கையிலும் பார்த்ததில்லை. உங்களில் எத்தனை பேருக்கு என் வகுப்பு பிடிக்காது என்று எனக்குத் தெரியாதா என்ன!

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம், உங்கள் பயம் உங்களோடு முடிந்துவிடவில்லை என்பதுதான்.

சந்தேகப்படுகிறவர்கள் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். சந்தேகமே இல்லாதவர்கள் மேடை ஏறிவிடுகிறார்கள். போன வருடம் எங்கள் வகுப்புக்கு ஒரு அம்மா வந்தார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "விட்டு மூணு மாசமாச்சு. அங்க ஒருத்தர் சொல்லிக் குடுத்தார் பாத்துக்கிடுங்க, மூச்சுப் பயிற்சி செஞ்சா மாத்திரையே வேண்டாமாம்" என்றார். அந்த "ஒருத்தர்" யார் என்று நான் எழுதப்போவதில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தால் அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது. மறுபடி மாத்திரை, மெதுவாக நடை, நாற்காலியில் பயிற்சி என்று இப்போது நன்றாக இருக்கிறார். அவர் முதலில் அந்த ஆளிடம் ஏன் போனார்? அவர் தெருவில் வேறு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னிடம் படித்து, சான்றிதழ் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் ஒரு பெண்ணின் வீடு அவர் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. "இன்னும் கொஞ்சம் பழகிட்டு" என்று அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

அவளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் என்னிடம் கேட்ட கேள்விகளெல்லாம் நல்ல கேள்விகள். "கழுத்து எலும்பு தேய்ஞ்சவங்களுக்கு எதைத் தவிர்க்கணும் டீச்சர்?" என்று கேட்கிறவளிடம் என் அம்மாவை நம்பி ஒப்படைப்பேன். எல்லாம் குணமாகும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவரிடம் ஒப்படைக்க மாட்டேன். ஆனால் நல்ல கேள்வி கேட்கிறவள் கதவைத் திறக்காவிட்டால், அந்தத் தெருவில் இருக்கும் மூட்டு வலிக்காரர்களும் தூக்கம் வராதவர்களும் எங்கே போவார்கள்? ஒலிபெருக்கி இருக்கும் இடத்துக்குத்தான்.

உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பெண்ணோ மருமகளோ யோகா வகுப்பு தொடங்குகிறேன் என்று சொன்னால், "முதல்ல உன் உடம்பைக் குறை" என்று வேடிக்கைக்குக்கூடச் சொல்லாதீர்கள். நான் தொடங்கியபோது, "பென்ஷன் வாங்கிட்டுப் பேரனைப் பாக்காம இதென்ன கூத்து" என்று சொன்னவர்கள் இந்தப் பதிவையும் படிக்கிறார்கள். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தை தொடங்கும் தேதியை இரண்டு மாதம் தள்ளிப்போட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம். முதல் நாள் வகுப்பில் ஒரு மேட்டை விரித்துப் பின்வரிசையில் உட்காருங்கள். முதல் நாள் நாலு பேராவது எதிரே இருந்தால் குரல் தானாக வரும்.

செல்வங்களே, தன்னம்பிக்கை வந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நீச்சல் தெரிந்த பிறகுதான் தாமிரபரணியில் இறங்குவேன் என்றால் எந்தக் காலத்தில் நீச்சல் வரும்? இடுப்பளவு தண்ணீரில் இறங்குங்கள். முதலில் வீட்டு மொட்டை மாடி, தெரிந்த மூன்று பேர், வாரம் மூன்று நாள், எளிய பயிற்சிகள் மட்டும். தலைகீழ் ஆசனம் ஒன்றும் வேண்டாம். விசாரிக்கும் தாள், சர்க்கரை டப்பா, ஒரு நாற்காலி, பாடக்குறிப்பு நோட்டு. இவை இருந்தால் நீங்கள் தயார்.

வருகிற வளர்பிறையில் நல்ல நாள் பாருங்கள். தேதி முடிவானதும் எனக்குச் சொல்லுங்கள். பக்கத்து ஊராக இருந்தால் முதல் நாள் நானே வந்து பின்வரிசையில் உட்காருகிறேன். சக்ராசனம் மட்டும் செய்யச் சொல்லக்கூடாது.

அன்புடன்,
உங்கள் உயிரியல் டீச்சர்